மகரந்த டப்பா

சீத்தாப்பழம் வாங்கும்போது எல்லோரும் அழுத்திப் பார்க்கிறார்கள். அது வேண்டியதில்லை. பழம் உருண்டையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் குழி விழுந்து, கழுத்தைத் திருப்பிக்கொண்டதுபோல் இருந்தால் எடுக்காதீர்கள். பழுக்கத்தான் பழுக்கும். ஆனால் உள்ளே பாதி வெறும் சக்கை.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு எரிச்சலாக இருக்கலாம், மேடம். காலையில் நான் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்ததும், "புகாரே இல்லையேம்மா, எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டீர்கள். அமுதவல்லிக்குக் கண் போனதைப் பற்றிச் சொல்ல வந்தேன் என்றேன். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேனோ என்று பயந்து, எழுதியே தருகிறேன் என்று காகிதம் கேட்டு வாங்கினேன். பன்னிரண்டாவது வரை படித்தவள் நான், எழுத வரும். பழத்தில் தொடங்கினால்தான் கண்ணுக்கு வந்து சேர முடியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சுலோசனா. வயது ஐம்பத்து மூன்று. பிரம்மதேசத்திலிருந்து கிழக்கே போகும் மண் பாதையில், ஊர் முடிகிற இடத்தில் எங்கள் தோப்பு இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு சீத்தா மரங்கள், நடுவில் எங்கள் வீடு. உப்பளம் இருக்கிற பக்கத்திலிருந்து காற்று வீசும் நாட்களில் உதட்டை நக்கினால் கரிக்கும். அந்த மணலில் எதுவும் வராது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் என் வீட்டுக்காரரும் ஏரி மண்ணைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து வந்து குழிகளை நிரப்பி வைத்த மரங்கள் அவை. எங்களுக்கு ஒரே மகன், சரவணகுமார். அவனைச் சுமந்ததைவிட அந்தக் கூடையைச் சுமந்ததுதான் அதிகம் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

பத்து வருடம் நன்றாகக் காய்த்தது. பிறகு மாவுப்பூச்சி வந்தது. அவர் மருந்து அடித்தார். மரம் பூத்திருந்த நேரம். ஒரு தரம் அடித்துப் போகவில்லை என்று மூன்று தரம் அடித்தார். மாவுப்பூச்சி போனது. அதோடு, பூவுக்குள் போய்வந்துகொண்டிருந்த ஒரு சின்ன வண்டும் போனது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அது இருந்த வரைக்கும் எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. போன பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது.

சீத்தாப் பூ முதலில் பெண்ணாக இருக்கும். இதழ்கள் லேசாகப் பிரிந்து, உள்ளே பிசுபிசுப்பாக, மகரந்தத்தை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும். அப்போது அதனிடம் மகரந்தம் கிடையாது. பிறகு இதழ்கள் அகல விரிந்து ஆணாக மாறும். மகரந்தத்தை உதிர்க்கும். ஆனால் அதற்குள் அந்தப் பிசுபிசுப்பு காய்ந்துபோயிருக்கும். தன்னுடையது தனக்கே உதவாது. ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு யாராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வண்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தது. பூவுக்குள் எந்த இடத்தில் மகரந்தம் ஒட்டியதோ அந்த இடத்தில் விதை. விதை இருக்கிற இடத்தில் சுளை. ஒட்டாத இடத்தில் குழி. கோணல் பழத்தின் விஷயம் இவ்வளவுதான்.

அந்த வருடத்திலிருந்து எங்கள் மரங்களில் பூ வந்தது, காய் வரவில்லை. வந்த காய்களும் கோணல். கூனிமேட்டிலிருந்து பழம் எடுக்க வரும் பாய் கூடையைக் கிளறிப் பார்த்தார். "என்னாம்மா இது, ஒண்ணுகூட உருண்டையா இல்ல. இத நான் யார்கிட்ட கொண்டுபோய்க் காட்டுவேன்?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அதற்கு அடுத்த வருடம் அவர் வரவே இல்லை. அதே வருடம் என் வீட்டுக்காரரும் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். காரியம் முடிந்த மறுநாள் சொன்னான்: "அம்மா, பிளாட் போடறவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. இன்னும் ரெண்டு மூணு சீசன் பாரு. ஒழுங்கா காய்க்கலன்னா கையெழுத்துப் போட்டுட்டு எங்ககூட வந்துடு." அவர்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஒருமுறை பத்து நாள் இருந்திருக்கிறேன். பால்கனியில் ஒரு பூந்தொட்டி வைக்கலாமா என்று மருமகளிடம் கேட்டேன். தண்ணீர் கீழ்வீட்டில் சொட்டும் என்றாள். நல்ல பெண்தான்.

அந்த ஐப்பசியில்தான் அமுதவல்லி வந்தாள். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. களையெடுக்க ஆள் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றாள். முப்பத்து நாலு வயது. உப்புத் தண்ணீரில் நின்று நின்று இரண்டு பாதமும் வெடித்து, செருப்புப் போட முடியாமல் குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்தாள். அவள் கணவன் சகாயராஜும் உப்பளத்தில்தான் வேலை செய்கிறான். குழந்தை இல்லை. நான் விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துக் கொடுத்து, இங்கேயே இரு, உப்பளத்துக்குப் போகாதே என்றேன். இருந்துவிட்டாள்.

அடுத்த சித்திரையில் மரங்கள் பூத்தபோது, கையால் மகரந்தம் வைப்பது எப்படி என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். மரக்காணம் கடைத்தெருவில் பிள்ளைகள் படம் வரையும் பிரஷ் இரண்டு வாங்கி வந்தேன். அமுதவல்லிக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது நான்தான். ஊரில் வேறு மாதிரி சொல்வார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரத்தில் இருநூறு பூவுக்கு நான் மகரந்தம் வைத்திருப்பேன். நாலு பிடித்தது. அமுதவல்லி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சொன்னாள்:

"அக்கா, நீ எட்டு மணிக்கு மேல வர்ற. அதுக்குள்ள அது காஞ்சிபோவுது. விடியறப்பவே வரணும். இந்தா, இத மோந்து பாரு. பழுத்த வாசன வருதா? இதுதான் வாங்கிக்கிற பூவு. வாசன இல்லன்னா விட்டுடு."

மோந்து பார்த்தேன். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. அவளுக்கு வந்தது.

மறுநாளிலிருந்து அவள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டாள். பத்துக்கு எட்டு பிடித்தது. அதோடு விடவில்லை. ஒரு மரத்தின் மகரந்தத்தை அதே மரத்துப் பூவில் வைத்து வந்த பழம் தனி, கிணற்றடி மரத்திலிருந்து எடுத்து மற்ற மரத்தில் வைத்து வந்த பழம் தனி என்று நூல் கட்டிப் பிரித்து வைத்தாள். இரண்டின் விதைகளையும் இரண்டு வரிசைப் பைகளில் போட்டாள். சொந்த மரத்து வரிசையில் பாதி முளைக்கவே இல்லை. முளைத்தவையும் நூல்போல எழுந்து, உப்புக் காற்று அடித்ததும் நுனி கருகிச் சாய்ந்தன. கிணற்றடி மரத்து வரிசை பென்சில் கனத்தில் நிமிர்ந்து நின்றது. "பாத்தியாக்கா, அப்பன் வேற வீட்டுலேர்ந்து வரணும் போல," என்று சிரித்தாள். வீடியோவில்கூட இதைச் சொல்லவில்லை. ஆனால் பிரஷ் வாங்கி வந்தது யார் என்று யாரும் கேட்பதில்லை.

பாய் திரும்ப வந்தார். மகன் போனில் பிளாட் பேச்சை நிறுத்தினான்.

அவள் வேலை செய்வதை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு குங்கும டப்பாவில் மகரந்தத்தைப் போட்டுக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வாள். சீத்தாப் பூ தலைகீழாகத் தொங்கும். அதனால் கிளைக்கு அடியில் நின்று முகத்தை அண்ணாந்து, இடக்கையால் இதழை விலக்கி, வலக்கையால் பிரஷ்ஷை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவாள். மீதித் தூள் அவள் முகத்தில் உதிரும். கன்னத்தில் மாவு தூவியதுபோல் இருக்கும். கை அதன்பாட்டுக்கு வேலை செய்ய, வாய் என்னிடம் பேசிக்கொண்டே இருக்கும். உப்பளத்தில் யாருக்கும் யாருக்கும் சண்டை, கோயிலில் பாதிரியார் என்ன சொன்னார், சகாயராஜ் குழம்பில் உப்பு இல்லை என்று கோபித்துக்கொண்டது, எல்லாம். விடிந்ததிலிருந்து எட்டு மணிவரை அந்தப் பேச்சு. அதற்குப் பிறகு மறுநாள் விடியும்வரை என்னோடு பேச யாரும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஆனி மாதம் அவளுக்குப் பேன் தொல்லை. சீத்தா விதையைப் பொடித்துத் தலையில் தேய்ப்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிற பழக்கம். நான்தான் கொடுத்தேன். தலையை அலசும்போது கண்ணில் வழிந்துவிட்டது. இது விபத்து. இதில் என்மேல் எந்தத் தவறும் இல்லை.

நான்தான் அவளைப் பஸ்ஸில் ஏற்றிப் புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சகாயராஜ் அப்போது உப்பு லாரியோடு வெளியூர் போயிருந்தான். டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணைக் கழுவி, மருந்து போட்டு, கட்டுக் கட்டிவிட்டு எங்கள் இருவரையும் உட்கார வைத்தாள்.

"கருவிழியில தழும்பு விழுந்துடுச்சு. இந்தத் தடவ தப்பிச்சிட்டாங்க. இன்னொரு தடவ அந்தப் பொடி பட்டா பார்வை போயிடும், திரும்ப வராது. ரெண்டு பேரும் நல்லா கேட்டுக்குங்க."

நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

பத்து நாள் அவள் என் வீட்டில் இருந்தாள். இரண்டு மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டேன். சோறு பிசைந்து ஊட்டினேன். தலை வாரிப் பின்னிவிட்டேன். பாத்ரூமுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். நான் அறையை விட்டு வெளியே போனால் உடனே, "அக்கா, எங்க இருக்க?" என்று கூப்பிடுவாள். அடுப்படியிலிருந்து பதில் சொல்வேன். என் வீட்டுக்காரர் போன பிறகு அந்த வீட்டில் என்னை அப்படி யாரும் தேடியதில்லை. கட்டைப் பிரித்த அன்று அவளுக்கு எல்லாம் பழையபடி தெரிந்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள். நான் அவள் படுத்திருந்த பாயைச் சுருட்டாமல் இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன்.

போன வருடம் சித்திரையில் கன்னியப்பன் வந்தார். எனக்கு அண்ணன் முறை. திண்டிவனம் ரோட்டில் சொட்டுநீர் போட்டு எண்ணூறு சீத்தா வைத்திருக்கிறார். அந்த வருடம்தான் முதல் பூ.

"தங்கச்சி, உன் அமுதாவ எங்ககிட்ட அனுப்பி வை. பத்து பொம்பளைங்கள வச்சிருக்கேன், ஒருத்திக்கும் பிரஷ்ஷு புடிக்கத் தெரியல," என்றார்.

முடியாது என்றேன். அவர் என்னிடம் கேட்டதே மரியாதைக்குத்தான். நேராக அவளிடம் போய்ப் பேசிவிட்டார். வைகாசி முதல் வாரம், வியாழக்கிழமை, அவள் வேலையை முடித்துவிட்டுக் குழாயடியில் கை கழுவிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, வர்ற திங்கக்கெழமையிலேர்ந்து நான் அங்க போறேங்க்கா."

"இங்க பூ இப்பதானே திரண்டு வருது, அமுதா."

"தெரியும்க்கா. உனக்கு ரெண்டு நாளைக்கு ஒருக்கா சாயங்காலம் வந்து மகரந்தம் எடுத்து வச்சிட்டுப் போறேன். காலைல நீயே வச்சிக்கலாம். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

எனக்குக் கை நடுங்கும். வாசனை தெரியாது. அது அவளுக்கும் தெரியும். இத்தனை வருடமும் அவள் அதை ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை.

"நான் உனக்கு இன்னா குறை வச்சேன்?" என்று கேட்டேன்.

"அய்யோ, ஒரு குறையும் இல்லக்கா. அங்க என்ன மேஸ்திரின்னு கூப்பிடுவாங்களாம். பொறந்ததுலேர்ந்து என்ன யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லக்கா."

கிணற்றடி ஓரமாக இடம் தருகிறேன், நீயும் சகாயராஜும் வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். நாற்று அத்தனையும் உனக்கே என்றேன். நானே உன்னை மேஸ்திரி என்று கூப்பிடுகிறேன் என்றேன். அதற்கு அவள் சிரித்தாள், கேலியாக இல்லை. நான் அவள் காலில் விழுந்தேன். பாதம் வழவழவென்று இருந்தது. வெடிப்பெல்லாம் என் தோப்பில்தான் ஆறியது. அவள் பதறி என்னைத் தூக்கினாள், அழுதாள், "அப்படியெல்லாம் செய்யாதக்கா, எனக்குப் பாவம்," என்றாள். ஆனால் போகவில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மகன் போன் செய்தான். பூ எப்படி என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றேன். போனை வைத்துவிட்டு மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு கிளையிலும் பூ தொங்கியது. தொடுவதற்கு ஆள் இல்லாமல் அத்தனையும் கொட்டப்போகிறது. மூன்றாவது மாடி கண்முன் வந்தது. கதவைச் சாத்திய அறை, டிவி சத்தம், என்னைத் தேடி யாரும் கூப்பிடாத ஒரு வீடு. யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால், சொல்லி அழுகிற ஆளே அவள்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் மறுநாளுக்கான மகரந்தத்தை எடுத்து டப்பாவில் போட்டு, வழக்கம்போல் என் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். சனிக்கிழமை அவளுக்கு எங்கள் தோப்பில் கடைசி நாள். நாற்றுக்காகப் போன பருவத்தில் எடுத்து வைத்த விதைகள் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தன. விதை வீட்டில் இருந்தது, அம்மி வீட்டில் இருந்தது, டப்பாவும் வீட்டில் இருந்தது. எதையும் தேடி நான் வெளியே போகவில்லை.

பத்து நாள், அவ்வளவுதான் நான் நினைத்தது. கண் வலிக்கும், கட்டுப் போடுவார்கள், என் வீட்டில் இருப்பாள். கன்னியப்பனுக்கு அவசரம், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். கட்டைப் பிரித்ததும் மறுபடி என்னோடு தோப்புக்கு வருவாள். யாருக்கும் நஷ்டமில்லை.

சனிக்கிழமை விடியும்போதே வந்துவிட்டாள். டப்பாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். வடக்கு வரிசையில் தொடங்கினாள். நான் பின்னால் நூல் கட்டிக்கொண்டே போனேன், எந்தப் பூவுக்கு வைத்தது என்று தெரிவதற்கு. முப்பத்தெட்டாவது பூவில் வலது கண்ணைக் கசக்கினாள்.

"தூசி விழுந்துட்டுது போலக்கா."

அதே விரலால் கசக்கினாள், விரலிலும் தூள் இருந்தது. நாற்பத்து மூன்றாவது பூவுக்குப் பிறகு பிரஷ் கையிலிருந்து விழுந்தது. இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அன்னிக்கி மாதிரியே எரியுதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க்கா."

கொஞ்சம் அடங்கட்டும் என்றேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கண்ணைக் கழுவிவிட்டேன். எங்கள் போர் தண்ணீர் இரண்டு வருடமாக உப்பு. நல்ல தண்ணீர் குடத்தில் இருந்தது, ஆனால் அது குடிப்பதற்கு வைத்தது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளை நிழலில் படுக்க வைத்துவிட்டு, அந்த வரிசையில் மீதி இருந்த பூக்களுக்கு நானே வைத்தேன். மகரந்தம் வீணாகக்கூடாது என்பதற்காக. முகத்தில் துணி கட்டிக்கொண்டேன். கண்ணுக்கு என் வீட்டுக்காரர் மருந்தடிக்கும்போது போடும் கண்ணாடி இருந்தது, அதைப் போட்டுக்கொண்டேன். ஒன்பது மணிக்கு மேல் ஆட்டோவுக்குப் போன் செய்தேன். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் ஏறினேன்.

அதே டாக்டர்தான் இருந்தாள். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "திரும்பவும் தேச்சீங்களா?" என்று கத்தினாள். "இல்லீங்க, நான் தேய்க்கல, சத்தியமா தேய்க்கல," என்று அமுதவல்லி அழுதாள். பேன் தொல்லை தாங்காமல் எனக்குத் தெரியாமல் தேய்த்திருப்பாள் என்று நான் சொன்னேன். டாக்டர் என்னைத்தான் நம்பினாள். படித்தவர்கள் எங்கள் மாதிரி ஆட்களில் கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறவரை நம்பிவிடுகிறார்கள்.

இப்போது அவளுக்கு வெளிச்சம் தெரியும். ஆள் தெரியாது.

நான் தோப்பு வீட்டில் அவளுக்காக ஒரு அறையை ஒழித்து வைத்தேன். கட்டில் போட்டேன், காற்றாடி மாட்டினேன், இரண்டு நைட்டி வாங்கினேன். சகாயராஜ் ஆஸ்பத்திரி வாசலில் கைகட்டி நின்றுகொண்டு, "வேணாம்மா. நீங்க இவ்ளோ செஞ்சதே போதும். இனிமே நான் பாத்துக்குறேன்," என்றான். அவன் ஆண் பிள்ளை, அவனுக்குச் சொட்டு மருந்து விடத் தெரியுமா, தலை பின்னிவிடத் தெரியுமா என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆனி பிறந்த பிறகு ஒரு செய்தி வந்தது. கன்னியப்பன் அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டாராம். நான் நம்பவில்லை. பஸ் ஏறிப் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். வரிசை முனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் கிளையைத் தாழ்த்திப் பிடிக்க, பூவை விரலால் தொட்டு, மோந்து பார்த்து, "இது ஆகும், இது நாளைக்கி," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துப் பிரஷ்ஷை எப்படிச் சுற்றுவது என்று சுற்றிக் காட்டினாள். "மேஸ்திரி, இங்க வாங்க, மேஸ்திரி, இதப் பாருங்க," என்று அங்கிருந்தும் இங்கிருந்தும் கூப்பிட்டார்கள். ஒருத்தி கையைப் பிடித்து அடுத்த மரத்துக்குக் கூட்டிப்போனாள். அந்தப் பெண் பிடித்த விதம் சரியில்லை. முழங்கைக்கு மேலே பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான் அப்படிப் பிடிக்க மாட்டேன்.

எங்கள் தோப்பில் அந்தச் சனிக்கிழமை நான் வைத்த பூக்களும், அதற்குப் பிறகு பூத்தவையும் எல்லாம் கொட்டிவிட்டன. அன்றைக்கு அவள் வைத்து நான் நூல் கட்டிய நாற்பத்து மூன்று பூவில் முப்பத்தொன்று காயானது. ஒரு கோணல்கூட இல்லை. புரட்டாசியில் அவற்றில் நல்லதாகப் பன்னிரண்டு பறித்துக் கூடையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சகாயராஜ் டீ வாங்கக் கடைக்குப் போனான். அவள் ஒரு பழத்தை எடுத்து, இரண்டு கையாலும் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தாள்.

"நல்லா உருண்டையா இருக்குதுக்கா."

"நீ வச்சதுதான், அமுதா."

"அன்னிக்கா?"

நான் ஆமாம் என்றேன். அவள் விரல் பழத்தின் மேலேயே நின்றது.

"அன்னிக்கி டப்பா கனமா இருந்துதுக்கா," என்றாள். "மொத நாளு நெறைய எடுத்துட்டோம் போலன்னு நெனச்சிக்கினேன்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் பழத்தைத் திரும்பக் கூடையில் வைத்து, கூடையைத் தடவி, என் பக்கமாகத் தள்ளினாள்.

"வெயில் ஏறுதுக்கா. பஸ்ஸப் புடி."

அன்றிலிருந்து நான் உங்களுக்காகக் காத்திருந்தேன், மேடம். ஐப்பசியில் வருவீர்கள் என்று நினைத்தேன். மழை முடிந்தது, பொங்கல் முடிந்தது, ஜீப் வரவில்லை. ரோட்டில் பார்த்தால் சகாயராஜ் இன்றைக்கும் எனக்கு வணக்கம் சொல்கிறான். அவள் அவனிடம்கூடச் சொல்லவில்லை. அது என்மேல் உள்ள பிரியம் இல்லாமல் வேறு என்ன?

போன மாதம் மகன் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டான். தோப்பில் கல் நட்டுவிட்டார்கள். பங்குனி முடிந்ததும் பொக்லைன் வரும். மரங்களுக்கு அது தெரியாது. நேற்றுப் பார்த்தேன், கிணற்றடி மரத்தில் மொட்டு விட்டிருக்கிறது. அதன் கீழே நின்று எவ்வளவு நேரம் மோந்து பார்த்தாலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போய், புடவை மாற்றிக்கொண்டு, விடிந்ததும் இங்கே வந்தேன்.

பத்து நாள் என்று மேலே ஒரு இடத்தில் எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடுங்கள். டாக்டர் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான். கண்ணாடி போட்டுக்கொண்டவள் நான். பார்வை போய்விடும், திரும்ப வராது என்று தெரிந்தேதான் அந்த டப்பாவில் விதைப்பொடியைக் கலந்தேன். கண் இல்லாதவளை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், அவளால் எங்கேயும் போக முடியாது, நான் இருக்கிற இடத்தில்தான் இருப்பாள் என்று நினைத்துத்தான் கலந்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

கேஸ் எழுதினால் அவளையும் வரச்சொல்லி, இதைப் படித்துக் காட்டுவீர்கள் என்று காகிதம் கொடுத்த ஏட்டம்மா சொன்னார்கள். படித்துக் காட்டுங்கள். நானும் அப்போது பக்கத்தில் இருக்கலாமா என்று தெரியவில்லை, இருந்தால் நல்லது. ஒரே ஒரு வேண்டுகோள். படிக்கும்போது "தெரிந்தேதான்" என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் படியுங்கள், மேடம். அவளுக்கு இன்னும் அது தெரியாது; கேட்டால் மனசு தாங்க மாட்டாள்.